நான்கு கால்களும் தரையில்

நாய்க்குட்டியைப் பற்றி ஒரு கட்டுரை இந்தப் பக்கங்களுக்கு ஏற்றதா என்று கேட்கக்கூடியவர்கள் நம் சிறு வட்டத்தில் நான்கைந்து பேராவது உண்டு. அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அறம் பற்றி நாம் எழுதுகிறபோதெல்லாம் கொலை, துரோகம், தற்கொலை என்று பெரிய விஷயங்களிலேயே கை வைக்கிறோம். அவற்றில் ஒன்றையும் நான் செய்ததில்லை. செய்யும் சந்தர்ப்பமும் ஒரு வங்கி குமாஸ்தாவுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் கடந்த ஆறு மாதமாகத் தினமும் நான் செய்துவருகிற ஒரு காரியம் இருக்கிறது. சாயங்காலம் வீடு திரும்பியதும், என்னைக் கண்ட சந்தோஷத்தில் என் மேல் தாவ வரும் ஒரு ஜீவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இது சரியா என்பதுதான் என் பிரச்னை.

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் முதல் வாரம் தலைச்சுற்றலோடும் அடுத்த ஒரு மாதம் கவித்வத்தோடும் இருப்பார்கள். எனக்கு இரண்டும் தெளிந்துவிட்டன. இங்கே ஊர்த்தொகுதிகளை நாடு என்கிறார்கள். வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று வரிசையாக உண்டு. நான் குடியிருப்பது திருப்புலி நாட்டில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு ஒன்றில். இரவில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும் என்பதால் காடு வைத்திருப்பவர்கள் நாயும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு காவல் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை, வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மணி என்று பெயர் வைத்தேன். தமிழ்நாட்டு நாய்களில் பாதிக்கு அதுதானே பெயர் என்று ஒரு கவிஞ நண்பர் குறைபட்டுக்கொண்டார். நாய்க்கு அது தெரியாது.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்கு மேலே நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு கிழவி, முதியோர் பணம் ஏறிவிட்டதா என்று கேட்க பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊரே அவளை ஆயா என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே. (மேலாளரை ‘அவர்’ என்றும் ஆயாவை ‘அவள்’ என்றும் எழுதுகிறேன். பாட்டியைப் பேரன் சொல்கிற மாதிரியா, இல்லை வேறு மாதிரியா என்று எழுதும்போதே ஒரு உறுத்தல்.) ஞாயிற்றுக்கிழமை வங்கி கிடையாது என்பது ஆயாவுக்குத் தெரியும், வங்கி என்பது நான்தான் என்பது அவள் தீர்மானம். ஒரு வாழை இலைத் துண்டில் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். மணி எங்கிருந்தோ பாய்ந்து வந்து இடுப்புயரத்துக்குத் தாவியது. சுளைகள் மண்ணில். ஆயா பின்னால் தள்ளாடித் திண்ணைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே நகம் இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று. ரத்தம் இல்லை.

“அதுக்கு என்ன சாமி தெரியும், கொழந்தை” என்றாள்.

எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. குட்டிக்கு அப்போது மூன்று மாதம் நிறையவில்லை. அதற்குப் போடவேண்டிய ஊசி இன்னும் போடப்படவில்லை. வெறிநாய்க்கடி நோயில் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வாய்ப்பு நூற்றில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா என்று கணக்குப் பார்க்கிற விஷயம் இல்லை இது. ஆயாவை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தொப்புளைச் சுத்திப் பதினாலு போடுவாங்களா சாமி?”

அந்தப் பதினாலு ஊசி நம் ஊர் ஞாபகத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது! டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் கசௌலியில் 1911-ல் கண்ட முறை அது. ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் நாள் தவறாமல் போட்டார்கள். 1907-ல் ஏற்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் பெயர் தென்னாட்டுக் கிராமங்களில் தெரிந்ததே இந்தப் பயத்தோடு சேர்ந்துதான். இந்தியாவில் அந்த மருந்தை 2004-ன் கடைசியில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது கையில், தோலுக்குள், சிறிய ஊசி: முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். நான்கு தடவையும் ஆயாவை நான்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஊரில் அன்றைக்கு வேறு வண்டி இல்லை.

அதன் பிறகுதான் பயிற்சி. பழைய புத்தகங்கள் சொல்லும் வழிகள் எல்லாம் உடம்பைச் சேர்ந்தவை. நாய் தாவும்போது முழங்காலை மடக்கி அதன் மார்பில் இடி. முன்னங்கால்களைப் பிடித்து வலிக்கும்படி அழுத்து. பின்னங்கால் விரலை மிதி. இன்றைய பயிற்சியாளர்கள் இதையெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளிவிட்டார்கள். அவர்கள் சொல்வது எளிது. நாய் தாவினால் ஒன்றும் செய்யாதே. திட்டாதே, தள்ளாதே, பார்க்காதே. தள்ளுவதுகூட அதற்கு ஒரு ஸ்பரிசம்தான். திட்டு ஒரு பேச்சுதான். கையைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பு. நான்கு கால்களும் தரைக்கு வந்த அந்த க்ஷணத்தில் திரும்பு, குனி, பேசு, கொடு. தாவினால் முகம் போய்விடும், தரையில் நின்றால் முகம் வரும் என்று அது தெரிந்துகொள்ளும்.

ஏன் முகம்? ஓநாய்க் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை நக்கும். நக்கினால் அவை விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். பசியின் சைகையாக ஆரம்பித்தது உறவின் சைகையாக நின்றுவிட்டது. நாயைக் கொஞ்சினால் வாயை நக்கும் என்று இகழ்ச்சியாகச் சொன்ன நம் பழமொழிக்காரன், விலங்கியல்காரர்களுக்கு வெகு காலம் முன்பே விஷயத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறான், அர்த்தத்தைத்தான் விட்டுவிட்டான். மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்று முகத்தை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டான். நாய் தாவுகிறது. இவ்வளவுதான் சங்கதி.

இவ்வளவுதான் என்று விட நமக்கு மனசு வருவதில்லை. தாவுவதைச் சிலர் அன்பு என்று படிக்கிறார்கள். சிலர் ஆதிக்கம் என்று படிக்கிறார்கள்: நாய் உன் மேல் ஏறினால் உன்னைக் கீழ்ப்படுத்தப் பார்க்கிறது, நீ தலைவன் என்று காட்டு என்பார்கள். ருடால்ஃப் ஷெங்கெல் 1947-ல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய சரக்கு இது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய் தகப்பன் பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-ல் தாமே திருத்தி எழுதினார். திருத்தம் யாரையும் போய்ச் சேரவில்லை. தவறான கருத்துக்கு இருக்கும் ஆயுள் திருத்தத்துக்கு இருப்பதில்லை என்பது விமர்சனம் எழுதுகிற நமக்குத் தெரியாததா?

நாயைத் தவறாகப் படிப்பதன் விலை பற்றி இந்த மலைக்காரர்களின் பூர்வ கதையிலேயே ஒரு சம்பவம் வருகிறது. தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவாகியுள்ள ஒரு வடிவம் அது. காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்கள் வேட்டைக்குப் போகிறார்கள், கூட மூன்று நாய்கள். பெருமழை பிடித்து ஆற்றில் வெள்ளம் வந்துவிட, நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன. எஜமானர்கள் இல்லாமல் நாய்கள் வந்ததைப் பார்த்த மனைவிமார், கணவர்கள் போய்விட்டார்கள் என்று வீட்டுக்குத் தீ வைத்துக்கொண்டு அதிலேயே மாண்டுபோகிறார்கள். சகோதரர்கள் திரும்பி வந்து சாம்பலைப் பார்க்கிறார்கள். பிறகு வேறு வேறு குலத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்து மலையாளி மக்கள் பெருகினார்கள் என்று கதை மேலே போகிறது. எனக்கு மேலே போக முடிவதில்லை. அந்த நாய்கள் வீட்டுக்கு வந்தபோது என்ன செய்திருக்கும்? நனைந்த உடம்போடு அந்தப் பெண்கள் மேல் தாவியிருக்கும். அதை அவர்கள் மரணச் செய்தியாக வாசித்தார்கள்.

மணியின் தாவலை நானும் ஏதோ ஒன்றாக வாசித்துவிடக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருக்கிறேன். முடிவதில்லை. ஏனென்றால் முதுகைத் திருப்பி நிற்கும் அந்த அரை நிமிஷத்தில் என் பின்னால் நடப்பது எனக்குக் கேட்கிறது. முதல் நாட்களில் அது இன்னும் வேகமாகத் தாவியது. முன்பு பலித்தது பலிக்காமல் போகும்போது எந்தப் பிராணியும் முதலில் இரட்டிப்பாக முயலும் என்று புத்தகம் சொன்னது. என் முதுகில், தோளில், பின்னந்தொடையில் நகங்கள். பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது; நான் மறுபடி திரும்பினேன். பிறகு ஒரு சத்தம், குரைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு ஒன்றும் இல்லை. புத்தகத்தின்படி அந்த ஒன்றுமில்லாததுதான் வெற்றி.

முழங்கால் நாயின் மார்பை வலிக்கச் செய்கிறது. முதுகு எதை வலிக்கச் செய்கிறது?

என் அப்பா என்னை அடித்ததே இல்லை. அக்கம்பக்கத்தில் இதை ஒரு பெருமையாகவே சொல்வார்கள். கோபம் வந்தால் பேசமாட்டார். ஒரு தடவை பதினோரு நாள். அம்மா மூலமாகத்தான் எல்லாம்: “அவனைச் சாப்பிடச் சொல்.” அடி வாங்கிய பையன்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், அவர்களுக்கு அன்று ராத்திரியே எல்லாம் தீர்ந்துவிடும். தமிழில் இதற்கு ‘முகம் கொடுக்காமல் இருப்பது’ என்று ஒரு பிரயோகம் இருப்பதைப் பற்றி அப்போது யோசித்ததில்லை. முகம் கொடுக்கப்படுகிற ஒரு பொருள். உபசார வார்த்தைக்கு முகமன் என்றே பெயர். விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்சத்தைக் கொண்டுவந்து வைத்தது இந்த இடத்தில்தான்: பூவை வாடவைக்க மோந்தாவது பார்க்கவேண்டும், விருந்தாளிக்கு முகம் மாறியது தெரிந்தாலே போதும். நமக்கு எப்போதோ தெரிந்திருந்ததைப் பயிற்சிப் புத்தகங்கள் இப்போது முறையாக்கித் தருகின்றன. அதை மென்மையான முறை என்று சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். காயம் வெளியே தெரியாத முறை என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அப்பா இல்லை. ஒரு திங்கட்கிழமை, வங்கியில், கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். அடையாள அட்டை, பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையை உள்ளே நீட்டி என் கையைத் தொட்டு, “சாமி, நல்லா இருக்கீங்களா” என்றார். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் கையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய் நின்ற பிறகு திரும்பி, “சொல்லுங்க” என்றேன்.

அந்த நிமிஷம் எனக்கு வியர்த்துவிட்டது. இதை நான் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. புத்தகம் படிப்பதற்கு ஒன்றரை வருஷம் முன்பிருந்தே செய்துகொண்டிருக்கிறேன். வந்த புதிதில் இந்த மலைக்காரர்கள் கவுண்டர் மேல் சாய்ந்து, கையைத் தொட்டு, ஊர்க்கதையெல்லாம் கேட்டு, ஒரே நேரத்தில் மூன்று பேராகப் பேசுவார்கள். இப்போது ஒரு கஜம் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். நல்ல பணிவான ஜனங்கள் என்று ஊருக்குப் போனபோது நானே சொல்லியிருக்கிறேன். அவர்கள் பணிவு என் கைவேலை. நான்கு கால்களும் தரையில்.

வரிசை வேண்டாமா, நூறு பேர் வருகிற இடத்தில் ஒழுங்கு வேண்டாமா என்றால், வேண்டும். ஆயாவின் கை கீறப்படாமல் இருக்கவேண்டும் என்பதைப் போலவே அதுவும் நியாயம். என் கேள்வி விதி தேவையா என்பதில் இல்லை, விதி யாருக்கு என்பதில் இருக்கிறது. அந்தப் பெரியவர் கவுண்டரில் சாய்ந்தால் திரையைப் பார்க்கிற நான், ஒப்பந்தக்காரர் ஒருவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்து என் தோளில் கை போட்டால் சிரிக்கிறேன். அப்போது நான் யாருக்கும் ஒழுங்கு கற்பிக்கவில்லை. யார் தாவலாம், யார் தாவக்கூடாது என்று கற்பிக்கிறேன்.

இதை நாய் விஷயத்தில் எனக்குத் தெளிவாக்கியவர் ஒரு இலக்கிய நண்பர். கீழே சேலத்திலிருந்து வந்து என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். அவருடைய கவிதைகளில் ஒடுக்கப்பட்டவர்கள் நிறைய வருவார்கள். முதல் நாள் பனியனோடு உட்கார்ந்திருந்தபோது மணி அவர் மேல் தாவியதும், “ஆஹா, இதுவல்லவா ஆதி வரவேற்பு” என்று அதைக் கட்டிக்கொண்டார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளை வேட்டி கட்டியதும் அதே வரவேற்புக்குக் காலால் எத்தினார். எனக்கு ஏற்பட்ட ஒரு வாரப் பின்னடைவை நான் எடுத்துச் சொன்னேன். எப்போதும் கிடைக்கிற பலனைவிட எப்போதாவது கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை அழிக்க முடியாமல் செய்துவிடும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் புறாக்களை வைத்து எழுதிய பெரிய புத்தகத்தில் இருக்கிறது; சூதாட்டக்காரனும் எழுத்தாளனும் இதற்கு உதாரணம். நண்பர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அப்படியானால் ஆள் பார்த்துத் தாவக் கற்றுக்கொடுங்களேன். கிராமத்து ஆட்கள் சும்மா சும்மா வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். உங்களுக்குப் படிக்க நேரம் கிடைக்கும்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது சாத்தியம் என்பதுதான் பயங்கரம். நாய்க்கு விதி கற்பிப்பதைவிடத் தரம் பிரிக்கக் கற்பிப்பது சுலபம். யார் வரும்போது வீட்டுக்காரன் உடம்பு இறுகுகிறது, யார் வரும்போது தளர்கிறது என்பதை அது நம்மைவிட நன்றாகப் படிக்கும். வெள்ளை வேட்டிக்கு வாலாட்டி, கிழிந்த துண்டுக்குக் குரைக்கும் நாய்களை நம் ஊர்த் தெருக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு யாரும் உட்கார்ந்து பாடம் எடுக்கவில்லை. எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றவேண்டும், யார் வந்தால் எழுந்திருக்கவேண்டும், யார் தொட்டால் சுருங்கவேண்டும் என்பதை நமக்கும் அநேகமாக யாரும் பாடமாக எடுத்ததில்லை. திரும்பிய முதுகுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டோம்.

இந்த இடத்தில் லெவினாஸ் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மேற்கத்திய பெயர் ஒன்று வராவிட்டால் கட்டுரை நிற்காது என்கிற நம் வியாதி எனக்கும் உண்டு. ஆனால் இது வேறு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்ட யூத யுத்தக் கைதியாக ஒரு முகாமில் இருந்ததைப் பற்றி அவர் 1975-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். காட்டில் வேலைக்குப் போய்வரும் கைதிகளை வழியில் பார்க்கிறவர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, மனிதர்களாகப் பார்க்கவில்லை. முகம் கொடுக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாய் மட்டும், காலை அணிவகுப்பிலும் மாலை திரும்பும்போதும் துள்ளித் தாவிக் குரைத்து அவர்களை வரவேற்றது. பாபி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் மனிதர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. சில வாரங்களில் காவலாளிகள் அதைத் துரத்திவிட்டார்கள். பொது விதி வகுக்கும் மூளை இல்லாமலே அந்த நாட்டில் கான்ட்டின் கடைசிச் சீடனாக இருந்தது அது என்பது லெவினாஸின் கசப்பான வேடிக்கை. நாய்க்கு முழு அர்த்தத்தில் முகம் உண்டா என்று பிற்பாடு கேட்டபோது அவரே தயங்கினார் என்பதையும் சொல்லவேண்டும்.

பாபிக்கு யாராவது பயிற்சி கொடுத்திருந்தால்? இந்தக் கேள்வி என்னைச் சில இரவுகள் தூங்கவிடவில்லை. ஆள் பார்க்காமல் தாவுவது ஒன்றுதான் அந்த நாய் செய்தது. நான் மணியிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பதும் அதையேதான். ஊரில் ஒப்பந்தக்காரருக்கும் ஆயாவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஜீவனை, வித்தியாசம் நன்றாகத் தெரிந்த நான் உட்கார்ந்து நாகரிகப்படுத்துகிறேன்.

ஆனால் இங்கேயும் நின்றுவிட முடியவில்லை. பாபி தாவியது வாலிபர்கள் மேல். ஆயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும்; படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் இந்த மலையிலிருந்து 70 வளைவுகள் இறக்கிக்கொண்டு போகவேண்டும். நாயின் சுதந்திரத்தை அவள் இடுப்பை வைத்து நான் கொண்டாடக் கூடாது. வேல் தைத்த உடம்போடும் வாலாட்டும் என்று நாயை நட்புக்கு உவமையாக்கிய நாலடியார்க்காரர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்: அந்த அன்பைத் தாங்க நம் எல்லோருக்கும் உடம்பில் பலம் இருப்பதில்லை. ஆகவே விதி வேண்டும். எல்லோர் மேலும் தாவாதே என்கிற ஒரே விதி. மேலாளர் வந்தாலும், வெள்ளை வேட்டி வந்தாலும், ஆயா வந்தாலும், நானே வந்தாலும். அதனால்தான் எனக்கும் முதுகு திருப்புகிறேன். எனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டால் மறுபடி தரம் பிரிப்பதில் போய் முடியும்.

இத்தனை தர்க்கத்துக்குப் பிறகு 28-ம் நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். கடைசி ஊசிக்குக் கிளம்ப ஆயா வந்தாள். மணி ஓடியது. நான் உள்ளேயிருந்து கத்துவதற்குள் அவள் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள், களை பறிக்கும்போதும் கிழங்கு வெட்டும்போதும் இங்குள்ள பெண்கள் மணிக்கணக்கில் உட்காரும் அதே குந்தல். குட்டிக்குத் தாவ வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. முகம் எதிரிலேயே இருந்தது. மோவாயை ஒரு தரம் நக்கியது, நான்கு கால்களும் தரையில் இருந்தன, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

“நின்னா எட்டாதுல்ல சாமி, அதான் ஏறுது” என்றாள்.

நான் வாங்கிப் படித்த எந்தப் புத்தகமும் இந்தப் பக்கத்திலிருந்து பிரச்னையைப் பார்க்கவில்லை. முகத்தை எடுத்துக்கொள்வதற்கு வழி சொன்னார்கள், இறக்கிக்கொடுப்பதைப் பரிசு என்று பிற்பாட்டில் வைத்தார்கள். ஆயா முதலிலேயே கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து நானும் படலைத் திறந்ததும் குந்துகிறேன். கால்சட்டை இறுக்கிப் பிடிக்கிறது. முழங்கால் முப்பத்தாறு வயதிலேயே சத்தம் போடுகிறது. ஆனால் வருகிறவர்களையெல்லாம் குந்தச் சொல்ல முடியாது. பேராசிரியர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன், கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனவே முதுகும் நடக்கிறது, குந்தலும் நடக்கிறது. கவுண்டரில் என் நாற்காலி உயரமானது. அதில் குந்துவதற்கு வழி இல்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கப் பார்க்கிறேன். அதைக் கண்டு அவர்கள் இன்னும் ஒரு அடி பின்னால் போய்விடுகிறார்கள்.

போன ஞாயிறு ஆயா வந்தாள். மணிக்கு இப்போது ஒன்பது மாதம், நல்ல உயரம். ஓடிப்போய், மூன்றடி தள்ளியே சட்டென்று நின்று, பின்னங்காலில் உட்கார்ந்தது. உடம்பு முழுக்க நடுங்குகிறது, வால் மண்ணைப் பெருக்குகிறது, எழுந்திருக்கவில்லை. புத்தகத்தில் படம் போடலாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆயா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “முன்ன மாதிரி வர மாட்டேங்குதே. என்ன சாமி பண்ணீங்க அதை?” என்றாள். பிறகு மெள்ளக் குந்தி, இரண்டு கையையும் நீட்டி, வாடா என்றாள்.

மணி அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தது.